மூன்று இலட்சம் ரூபாயில் எங்கள் ஊர் எதை வாங்கலாம்?

வாசகர் கேள்விக்குச் சமுதாய மருத்துவரின் பதில்

திருகோணமலை மாவட்டத்துக் குச்சவெளிப் பிரதேசத்தில் கடலுக்கும் களப்புக்கும் இடையில் அமைந்த ஒரு கிராமத்திலிருந்து, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தன் பெயரும் ஊரின் பெயரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் தவிர்த்துச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஊரில் ஏறத்தாழ 200 குடும்பங்கள். பாதிப்பேர் கடற்றொழில், மற்றவர்கள் தோட்டமும் கூலி வேலையும். கடந்த வைகாசியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த அவருடைய சித்தப்பா, வயது 58, சம்பந்தமில்லாமல் ஏதோ பேசத் தொடங்கி, சற்று நேரத்தில் மணலில் விழுந்தார். கூட நின்றவர்கள் நிழலுக்குத் தூக்கிச் சென்று வாயில் சோடா ஊற்றி, ஓட்டோ கிடைக்கும்வரை காத்திருந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்கள் விடுதியில் இருந்து பிழைத்து வந்தார். ஆவணியில், குடிநீர்ப் பவுசர் வந்துகொண்டிருந்த வரட்சிக் காலத்தில், ஒரே ஒழுங்கையில் நான்கு பேருக்கு டெங்கு கண்டது. மாரியில் வெள்ளம் வந்து வடிந்த பின்னர், இளைஞர்கள் மோட்டர் பூட்டிக் கிணறுகளை அடிவரை இறைத்துச் சுத்தம் செய்தார்கள். அதன் பிறகும் வயிற்றோட்டம் நிற்கவில்லை, சில கிணறுகள் உவராகிவிட்டன.

இந்நிலையில், காலநிலை மாற்றத்தின் சுகாதாரப் பாதிப்புகளுக்கு ஊரைத் தயார்படுத்தும் திட்டம் ஒன்றை எழுதித் தந்தால் மூன்று இலட்சம் ரூபாய் தருவதாக ஒரு தொண்டு நிறுவனம் சொல்லியிருக்கிறது. சங்கத்தில் பலர் புகை விசிறும் இயந்திரம் வாங்க வேண்டும் என்கிறார்கள். சிலர் மருத்துவ முகாமும், சங்கக் கட்டடத்தில் ஓர் அன்டிபயோட்டிக் கையிருப்பும் வேண்டும் என்கிறார்கள். கணவரோ, "உலகத்தைச் சூடாக்கினவன் வேறு எவனோ, அதற்கு நாங்கள் திட்டம் எழுதுவதா?" என்று சிரிக்கிறார். எதை வாங்குவது, வீடு வீடாகச் சென்று பார்வையிடச் சங்கத்துக்கு அதிகாரம் உண்டா, நோயாளர் பட்டியல் ஒன்றை வைத்திருக்கலாமா, கிணற்றுநீரைப் பரிசோதித்துத் தரும்படி யாரைக் கேட்பது என்பன அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரிடமிருந்தே தொடங்குகிறேன். அதே பேச்சு நாளைக்குச் சங்கக் கூட்டத்திலும் எழும். அவர் சொல்வதில் பாதி முற்றிலும் சரி. உலகம் வெளியிடும் பச்சைவீட்டு வாயுக்களில் இலங்கையின் பங்கு ஒரு வீதத்தைக்கூட எட்டாது. கரைவலை இழுப்பவரின் பங்கைக் கணக்கில் எடுக்கவே முடியாது. ஆனால் யார் காரணம் என்ற வழக்கு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, சித்திரை வெயில் அதன் தவணையில் வந்துகொண்டுதான் இருக்கும். 2030க்கும் 2050க்கும் இடையில் போசாக்கின்மை, மலேரியா, வயிற்றோட்டம், வெப்பம் ஆகிய நான்கினால் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 250,000 மேலதிக மரணங்கள் நிகழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்த நான்கில் மலேரியா மட்டும் இப்போதைக்கு நம் கவலை அல்ல. 2016இல் இலங்கை அதிலிருந்து விடுபட்ட நாடாக அறிவிக்கப்பட்டது. வயிற்றோட்டமும் வெப்பமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன.

அதே வேளை நீங்களும் ஒரு இடத்தில் சற்று வழுக்கியிருக்கிறீர்கள். "இவை எல்லாம் காலநிலை மாற்றம் கொண்டுவந்த புதிய நோய்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் ஒன்றும் புதிது அல்ல. 2017 மார்ச்சில் டெங்கு கிண்ணியாவை ஆட்டிப்படைத்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டில் நாடு முழுவதும் 186,101 பேர் டெங்குச் சந்தேகத்தில் பதிவானார்கள். அதற்கு அப்போது பரவிய டெங்கு வைரசின் இரண்டாம் வகையும் காரணம், அகற்றப்படாத குப்பையும் காரணம், மழையும் காரணம். ஒருவருக்கு வந்த காய்ச்சலைக் காட்டி இது காலநிலை மாற்றத்தால் வந்தது என்று எந்த வைத்தியராலும் எழுதித்தர முடியாது. புயலும் நமக்குப் புதிது அல்ல; 1964 டிசம்பர்ப் புயலை ஊரில் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 2020 டிசம்பரில் புரெவி நமது கரையில்தான் ஏறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா வந்தபோது மகாவலி பெருக்கெடுத்து மூதூர், வெருகல் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. மாறிக்கொண்டிருப்பவை பருவமும் அளவும்: வெயில் நாட்கள் கூடுகின்றன, இரவிலும் சூடு தணியாமல் இருக்கிறது, வரட்சி நீள்கிறது, மழை வந்தால் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. தெரிந்த நோய்கள் தெரியாத நேரத்தில், பெரிய அளவில் வரப்போகின்றன என்று வைத்துக்கொண்டு திட்டத்தை எழுதுங்கள். அப்படி எழுதினால் பாதி வேலைக்கு ஏற்கெனவே ஆட்களும் அலுவலகங்களும் இருப்பது உங்களுக்கே தெரியவரும்.

வெயில்: உங்கள் சித்தப்பாவுக்கு நடந்தது

நீங்கள் மயக்கம் என்று எழுதியிருப்பது சாதாரண மயக்கம் அல்ல. வெயிலில் வேலை செய்பவருக்குத் தலை சுற்றி, உடல் சோர்ந்து, வாந்தி வருவதுபோல் இருந்தால் அது வெப்பக் களைப்பு. நிழலும் நீரும் ஓய்வும் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். பேச்சுக் குழம்பினாலோ, எதிரில் நிற்பவரை அடையாளம் தெரியாமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத் தாக்கு. உடலின் உள்வெப்பநிலை 40 பாகை செல்சியசை எட்டி, மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். வியர்வை நின்று தோல் உலர்ந்தால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நம்புகிறார்கள். உழைத்துக்கொண்டிருக்கும்போது விழுபவரின் உடல் வியர்வையில் தோய்ந்தே இருக்கலாம்; ஆகவே தோலைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல், பேச்சைக் கவனியுங்கள்.

அந்த நிலையில் முதலில் ஒருவர் 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அம்புலன்ஸ் வரும்வரை சும்மா காத்திருக்காமல் உடலைக் குளிர்விக்க வேண்டும், இதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. கரைவலைத் துறையில் நீருக்குப் பஞ்சம் இல்லை. சட்டையைக் கழற்றி, வாளியால் கடல்நீரை அள்ளி உடல் முழுவதும் ஊற்றுங்கள். நனைந்த சாரத்தால் மூடி, இருவர் நின்று விசிறட்டும். மீன்பெட்டியில் ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். வாகனத்தில் ஏற்றிய பிறகும் நனைப்பதை நிறுத்த வேண்டாம். நினைவு தெளிவில்லாதவரை அலைக்குள் இறக்கவும் கூடாது, அவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றவும் கூடாது. அது நேரே நுரையீரலுக்குள் போகலாம். பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது. சோடா ஊற்றியவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் அடுத்த வைகாசிக்கு முன்னர் அந்தத் துறையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் இது செய்து காட்டப்பட வேண்டும். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

சித்தப்பா பிரஷருக்கு மாத்திரை எடுப்பதாகவும், அதில் ஒன்று அடிக்கடி சிறுநீர் போகச் செய்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அத்தகைய மாத்திரைகள் வெயில் காலத்தில் உடலின் நீரிழப்பைக் கூட்டக்கூடியவைதாம். ஆயினும் அவர் தானாக நிறுத்தினால் பக்கவாதம் வரலாம். கிளினிக் கொப்பியோடு போய், வெப்பத் தாக்கு வந்ததைச் சொல்லி, அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்கட்டும். ஒருமுறை வெப்பத் தாக்கு வந்த உடல் சில வாரங்களுக்கு வெயிலை முன்போலத் தாங்காது. வைத்தியர் அனுமதித்த பின்னரும் காலையில் சிறிது நேரம் மட்டும் என்று தொடங்கிப் படிப்படியாகத்தான் வலைக்குத் திரும்ப வேண்டும்.

நம் கரையில் வெப்பம் இரண்டு விதமாக வருகிறது என்பதையும் திட்டத்தில் எழுதுங்கள். சித்திரை, வைகாசியில் காற்று அசையாமல், ஈரப்பதம் கூடி, வியர்வை உலராமல் வழியும். உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாத காலம் அது. பின்னர் கச்சான் எனும் வறண்ட காற்று வீசத் தொடங்கினால் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடும்; எவ்வளவு நீர் போனது என்பது தெரியாமலே போய்விடும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவதுதான் அப்போது கிடைக்கும் அறிவிப்பு. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து உடலுக்கு எவ்வளவு உறைக்கும் என்பதைக் காட்ட வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண் 41ஐத் தாண்டினால் அபாயம் என்று பொருள். அந்த எண் நிழலுக்குரியது. நேர் வெயிலில் நிற்பவருக்கு 8 பாகை வரை கூடுதலாக உறைக்கலாம். ஆகவே "இன்று அவ்வளவு இல்லை" என்று வானொலியைக் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டாம்.

வலையின் உரிமையாளரான சம்மாட்டியாரோடு பேசி, வெயில் ஏறிய பிறகு வலை வளைப்பதைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். வருமானம் சம்பந்தப்பட்ட விடயம், சங்கம் கட்டளையிட முடியாது, பேசித்தான் ஆக வேண்டும். துறையில் ஒரு கிடுகுக் கொட்டிலும் மூடியுள்ள தண்ணீர்க் குடமும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு குவளை என்ற ஒழுங்கும் போதும். தோட்டக் கூலிக்குப் போகும் பெண்களைப் பற்றிக் கடிதத்தில் எதுவும் இல்லை. அவர்களில் பலர் வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றோடு கிளினிக்குக்கு வரும்போதுதான் அது தெரியவருகிறது. கர்ப்பிணிகளுக்குக் கடும் வெப்பம் குறைமாதப் பிரசவ ஆபத்தைக் கூட்டுகிறது என்பதற்குப் பல நாடுகளின் ஆய்வுகள் சான்று. "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற சுவரொட்டியை ஒட்டுவதைவிட, தோட்டக்காரரிடம் பேசி ஒரு தற்காலிகக் கழிப்பறை போடுவிப்பது அவர்களுக்கு அதிகம் உதவும்.

மழையில்லாத மாதத்தில் டெங்கு

நான்கு பேருக்கு டெங்கு கண்ட அந்த ஒழுங்கைக்கு நுளம்பு எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை, பவுசர் வரும் நாட்களில் நீங்கள் நிரப்பி வைக்கும் பரலில் இருக்கிறது. டெங்கு நுளம்பு ஊத்தைக் கானைவிட வீட்டில் சேமித்த தெளிந்த நீரையே விரும்புகிறது. முட்டையையும் நீருக்குள் போடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கும். ஒரு பிற்பகலில் டோர்ச்சை எடுத்து, பரலின் உட்புறத்தில் ஒளியைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் ஒட்டியதுபோல் ஒரு கோடு தெரிந்தால் அதுதான். நீரை ஊற்றிவிட்டுப் பரலைக் கவிழ்த்து வைத்தாலும் அவை உலர்ந்தபடி பல மாதம் உயிரோடு கிடக்கும். அடுத்த பவுசர் நீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் பொரிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் நுளம்பாகப் பறக்கும். எனவே வாரம் ஒருமுறை தும்புத் தூரிகையால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், வாயை நுளம்பு வலைத்துணியால் மூடிப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிய வளையத்தால் இறுக்க வேண்டும்.

புகை இயந்திரத்துக்கு வருகிறேன். புகை, அந்த நேரத்தில் வெளியே பறந்துகொண்டிருக்கும் நுளம்பைக் கொல்லும். முட்டையையோ நீரில் நெளியும் குடம்பியையோ தொடாது. அலுமாரிக்குப் பின்னால், தொங்கும் உடுப்புகளுக்குள் இருக்கும் நுளம்பு பெரும்பாலும் தப்பிவிடும். ஒரு வாரத்தில் பரலிலிருந்து அடுத்த கூட்டம் வந்துவிடும். நோயாளர் கண்டறியப்பட்ட இடத்தில், குறித்த மருந்தைக் குறித்த அளவில் விசிறுவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. அது தேவைப்படும்போது அவர்களே செய்வார்கள். சங்கம் தன் கையில் எடுத்தால் பூச்சிமருந்தைச் சுவாசிக்கும் பிள்ளைகளும், "புகை அடித்தாயிற்றே" என்று பரலைக் கழுவாமல் விடும் வீடுகளும்தான் மிஞ்சும். இயந்திரம் சத்தம் போடும், படம் எடுக்கலாம், அறிக்கையில் போடலாம். வலைத்துணிக்கு அந்தக் கவர்ச்சி இல்லை என்பது எனக்கும் தெரியும்.

காய்ச்சல் வந்தால் பரசிட்டமோலைத் தவிர டைக்குளோபெனக், இபுபுரூபன், அஸ்பிரின் எதுவும் வேண்டாம். மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அதுவரையும் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். டெங்கில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் அபாயமான வேளை. அப்போது வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு, அசாதாரணத் தூக்கம், ஐந்தாறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரவென்றும் பாராமல் கிளம்புங்கள்.

கிணற்றை அடிவரை இறைத்தது ஏன் தவறானது

கடலோர மணற்பாங்கான நிலத்தில் நல்ல தண்ணீர் உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல நீரின் மட்டம் ஒரு அடி இறங்கினால், அடியிலுள்ள உவர்நீர் கோட்பாட்டளவில் 40 அடி வரை மேலேறும். வலுவான மோட்டரால் ஒரேயடியாக இறைக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழே உவர்நீர் கூம்பாக எழுந்து வந்துவிடுகிறது. 2004 சுனாமிக்குப் பின்னர் நமது கிழக்குக் கரையில் ஆயிரக்கணக்கான கிணறுகளில் நல்ல நோக்கத்தோடு நடந்ததும் இதுதான். பல இடங்களில் இறைக்க இறைக்க உப்புக் கூடியது. அடுத்த வெள்ளத்தின்போது மிதக்கும் குப்பையையும் சேற்றையும் அகற்றி, மெதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் இறையுங்கள். குளோரின் இடும் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றின் நீரளவைக் கணக்கிட்டுச் சொல்வார். இப்போது உவராகியிருக்கும் கிணறுகளை மறுபடி இறைக்காமல் விட்டுவையுங்கள். மழைநீர் ஊறி இறங்கிச் சரியாவதற்குக் காலம் வேண்டும்.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகும் என்பதும் பாதி உண்மைதான். கொதித்தால் கிருமி சாகும். உப்பு சாகாது, நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். வங்கதேசத்தின் கடலோரத்தில் நடந்த ஆய்வுகள், உவர்நீர் குடிக்கும் கர்ப்பிணிகளிடையே உயர் இரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பதைக் காட்டியிருக்கின்றன. ஆகவே உங்கள் ஊரில் கர்ப்பிணிகளும் பிரஷர் உள்ளவர்களும் இருக்கும் வீடுகளுக்குப் பவுசர் நீரில் முதலிடம் கொடுங்கள். மழைநீரைச் சேமிப்பது நல்ல யோசனை, தாங்கிக்கு இறுக்கமான மூடி இருந்தால்.

மாத்திரைக் கையிருப்பும் மருத்துவ முகாமும்

அன்டிபயோட்டிக்கைச் சங்கக் கட்டடத்தில் வைத்துக் கொடுப்பது சட்டப்படியும் தவறு, மருத்துவப்படியும் ஆபத்து. வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்க டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுக்கப்படுகிறது என்று கேள்விப்பட்டுத்தான் இந்த எண்ணம் வந்திருக்க வேண்டும். அதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இலவசமாகவே தருகிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் அது பொருந்தாது. யாருக்குக் கொடுப்பது என்பதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். சங்கம் வைத்திருக்கக்கூடியது வயிற்றோட்டத்தில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைகள். ஒரு பைக்கு ஒரு லீற்றர் நீர், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வெள்ளநீரில் இறங்கியே ஆக வேண்டியவர்களுக்கு இறப்பர் சப்பாத்து வாங்கலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் காலில் புண் உள்ளவர்களுக்கும் அது மிக அவசியம். வெள்ளக் காலத்தில் பாம்புகளும் மேட்டுக்குத்தான் வரும், தரையில் படுப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ அனேகமாக இருக்காது, கடிபட்டதே தெரியாமல் போகலாம். முகாம்களில் பாய்க்குப் பதிலாகக் கட்டிலோ பலகையோ கேட்டு வாங்குங்கள்.

ஒருநாள் மருத்துவ முகாமுக்குப் பணம் ஒதுக்க வேண்டாம். 35 வயதைக் கடந்தவர்களை அருகிலுள்ள சுகாதார வாழ்க்கைமுறை நிலையத்துக்கு முறைவைத்து அனுப்பினால், சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கப்படும், அந்தப் பதிவு அங்கேயே தொடரும்.

ஒரு கொப்பி

உங்கள் திட்டத்தில் நான் முதலிடம் கொடுப்பது ஒரு கொப்பிக்குத்தான். அனர்த்த நேரத்தில் காத்திருக்க முடியாதவர்கள் யார் யார் என்பதை வெயில் காலத்துக்கும் மாரிக்கும் முன்னரே எழுதி வைத்திருக்கும் ஊர், இயந்திரம் வைத்திருக்கும் ஊரைவிடப் பாதுகாப்பானது. இன்சுலின் போடுபவர்கள், இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் சிறுநீரக நோயாளர்கள், படுக்கையில் இருப்பவர்கள், தனியாக வாழும் முதியவர்கள், மனநோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள், பிரசவ நாள் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் வருபவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரைப் போய்ப் பார்க்க வேண்டிய அயல்வீட்டுக்காரரின் பெயர் ஒன்று, அவருடைய கைபேசி எண். இவ்வளவுதான். மனநோய் மாத்திரைகள் சில உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றலைக் குறைக்கின்றன. அவர்கள் வெயிலில் விழுந்தால் "அவர் எப்போதும் அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள் என்பதால் அவர்களைக் கொப்பியில் சேர்க்கத் தவற வேண்டாம்.

இன்சுலின் பற்றி ஒரு வார்த்தை. மின்சாரம் நின்றால் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதும் சூடேறும். ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு பானையை வைத்து, அதற்குள் வைத்தால், வறண்ட கச்சான் காலத்தில் நன்றாகக் குளிரும். மாரியின் ஈரக்காற்றில் அவ்வளவு பலன் கிடையாது. வெள்ளத்தில் நகர வேண்டி வந்தால் இன்சுலினும் கிளினிக் கொப்பியும் ஒரே பொலித்தீன் பையில் இருக்கட்டும்.

பட்டியல் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால். உடல்நலத் தகவல் விசேட பாதுகாப்புக்குரியது என்பதை 2022ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஏற்றிருக்கிறது. நோயின் பெயரை எழுத வேண்டிய தேவையே இல்லை. "நகர உதவி வேண்டும்", "மருந்து குளிரில் இருக்க வேண்டும்" என்று எழுதினால் போதும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வட்சப் குழுவில் போட யாரையும் அனுமதிக்காதீர்கள். மனநோய் பற்றிய ஒரு வரி ஊருக்குள் பரவினால் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சே நின்றுபோகலாம். கர்ப்பிணிகள், குழந்தைகள் பற்றிய பதிவேடு பொதுச் சுகாதார மருத்துவமாதிடம் ஏற்கெனவே இருக்கிறது; அவரோடு அமர்ந்து எழுதினால் வேலை பாதியாகும்.

கேட்பதற்கு என்ன உரிமை

வீடுகளுக்குள் சென்று பார்வையிடும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி அந்த அதிகாரம் நியமிக்கப்பட்ட அலுவலர்களுக்கே உண்டு. அழைத்த வீட்டுக்குப் போங்கள், அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு போங்கள். "வழக்குப் போடுவோம்" என்று சங்கத்தின் பெயரில் யாராவது மிரட்டினால், அடுத்த மாதம் எந்த வீடும் கதவு திறக்காது.

கிணற்றுநீர்ப் பரிசோதனைக்குச் சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். கிருமிப் பரிசோதனையோடு உப்புத்தன்மையையும் நைத்திரேற்றையும் சேர்த்துக் கேளுங்கள், பிந்தையவற்றைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடம் ஊடாகவும் செய்விக்கலாம். முன்னர் எடுத்த மாதிரிகளின் முடிவு தரப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதைக் கோரலாம். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக உள்ள சங்கமும் பிரஜையாகவே கருதப்படும், 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். இருந்தாலும் என் ஆலோசனை, முதலில் நேரில் போய்க் கேளுங்கள். நாளை வெள்ளத்தில் நீங்கள் தேடப்போகும் ஆளோடு இன்றே மனுவால் தொடங்குவது கெட்டித்தனம் அல்ல. வாய்ப்பேச்சால் ஆகாவிட்டால் சட்டம் இருக்கிறது. 2005இன் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்டப் பிரிவுக்கு உங்கள் கொப்பியின் இருப்பைக் கிராம உத்தியோகத்தர் ஊடாகத் தெரியப்படுத்துங்கள். அவசரத்துக்கு அவர்களின் எண் 117.

யுத்தத்தையும் சுனாமியையும் கண்டவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். புயல் அறிவிப்பு வந்தாலே உறக்கமிழப்பவர்களைக் கேலி செய்யாமல், 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணைக் கொடுத்து வையுங்கள், தமிழிலும் பேசலாம்.

இனிப் பணம். பரல்களுக்கும் தாங்கிகளுக்கும் வலைத்துணி, துறையில் கொட்டில், தோட்டத்தில் கழிப்பறை, சப்பாத்து, ஜீவனி, ஒரு நல்ல ஒலிபெருக்கி: இவற்றுக்கு ஊரிலேயே விலை கேட்டு எழுதுங்கள். மிச்சம் வந்தால் அதைச் செலவழித்துத் தீர்க்காமல், வெள்ள நாளில் பிரசவத் தாயையோ நோயாளரையோ கொண்டுபோக வாகனக் கூலியாக வங்கியில் போடுங்கள். எவ்வளவு, யார் கையெழுத்தில் எடுப்பது என்பதைக் கூட்டக் குறிப்பில் பதியுங்கள். வெயிலுக்குரியவை பங்குனி முடிவதற்குள், வெள்ளத்துக்குரியவை புரட்டாதி முடிவதற்குள் கையில் இருக்க வேண்டும். நிறுவனம் இயந்திரத்துக்குத்தான் பணம் என்று பிடிவாதம் பிடித்தால், இயந்திரம் பணிமனையின் பொறுப்பு என்று சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஒரு வரி எழுதி வாங்கி இணைத்து அனுப்புங்கள். அதற்கும் அவர்கள் இணங்காவிட்டால் அந்தப் பணம் வேண்டாம். கொப்பியையும் பரல் கழுவலையும் அது இல்லாமலே அடுத்த சங்கக் கூட்டத்தில் தொடங்கலாம்.